போன் நிறைய வினாத்தாள், தேடினால் ஒன்றும் இல்லை

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 6 தொடக்கம் 11 வரை விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிறேன். வட்ஸ்அப் குழுக்களில் செயலட்டை, மாதிரி வினாத்தாள், வீடியோ என்று வந்து குவிகிறது. போன் நிறைந்துவிட்டது, ஆனால் பாடத்துக்கு முதல்நாள் இரவு தேடினால் வேண்டியது அகப்படுவதில்லை. பாடசாலையில் சிக்னலும் வருவதும் போவதும்தான். நல்ல இணையத்தளங்கள் எவை? எடுத்தவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது? எல்லாப் பாடமும் அடங்கிய பென் டிரைவ் என்று ஒருவர் விற்கிறார், வாங்கலாமா?

பதில்: ரீச்சர், புதிதாக எதையும் தேடுவதற்கு முதல் வெறும் கோப்புறைகளை உருவாக்குங்கள். ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து, ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் பாடம், அதற்குள் அலகு அலகாக என்று வழிகாட்டியில் உள்ள வரிசையிலேயே போடுங்கள். வினாத்தாள், வீடியோ, செயலட்டை என்று வகைப்படி பிரிப்பவர்கள்தான் அதிகம். அது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உதவாது. நாளைக்கு ஒளித்தெறிப்பு படிப்பிக்க வேண்டுமென்றால் அந்த அலகுக்குரிய எல்லாமே ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சில கோப்புறைகள் வெறுமையாகவே கிடக்கும். நீங்கள் தேடவேண்டியது அவற்றுக்குத்தான். மற்றவற்றுக்கு இருப்பதே காணும்.

அடுத்தது பெயர். வட்ஸ்அப்பில் வரும் பல கோப்புகளைப் பாருங்கள்: டொக் என்று தொடங்கி, ஒரு திகதி, பிறகு டபிள்யூஏ, அதன்பின் நான்கு இலக்கம். அந்தத் திகதியும் உங்கள் போனுக்கு வந்த திகதிதான். வினாத்தாள் எந்த ஆண்டுக்குரியது என்பதை அது சொல்லாது. ஆகவே ஒன்றை வைத்திருப்பதென்று முடிவெடுத்த உடனேயே பெயரை மாற்றுங்கள். ‘09-விஞ்-05-செயலட்டை-2023’ என்றால் தரம் 9, விஞ்ஞானம், 5ஆம் அலகு, 2023 என்று திறக்காமலே விளங்கும். 9க்கு முன்னால் பூச்சியம் போடாவிட்டால் பல போன்களில் 10உம் 11உம் மேலே ஏறி நிற்கும்.

பெயரில் நான் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. எங்கள் பக்கத்துத் தவணைப் பரீட்சை வினாத்தாள்களில் பல இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்படுகின்றன. அந்த வேர்ட் கோப்பை எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்தாகவும், மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாகவும் தெரியும். பழுதான கோப்பு என்று நினைத்து அழித்துவிடுகிறோம். மடிக்கணினியில் பாமினியை நிறுவித் திறந்து, பிடிஎப் ஆகச் சேமித்தால் எந்தப் போனிலும் வாசிக்கலாம். ஆனாலும் உள்ளே இருப்பது இன்னும் ஆங்கில எழுத்துத்தான் என்பதால், அதற்குள் ‘காந்தம்’ என்று தமிழில் தேடினால் வராது. கோப்பின் பெயர்தான் கைகொடுக்கும். எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றினால் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். இரசாயனக் குறியீடுகளும் கணிதத்தில் வரும் ஆங்கில எழுத்துகளும் சேர்ந்து தமிழெழுத்தாகிவிடும். சமன்பாடு நிறைந்த வினாத்தாளை மாற்றாமல் விடுவதே மேல்.

இனி எங்கே எடுப்பது என்பது. மூலத்திலிருந்து எடுங்கள். பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்மொழி மூலத்தில் இருக்கிறது. பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உண்டு. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்தில் தரவாரியாகப் பாடங்களும் பயிற்சிகளும் கிடைக்கும். இவற்றை ஒருமுறை இறக்கி வைத்தால் குழுக்களில் வருவதில் பாதியை அழிக்கலாம், ஏனென்றால் அவை இவற்றின் நகல்கள்தான்.

பலர் தொடாத ஒன்று பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள். சாதாரண தர வினாத்தாளில் எந்த வினாவை எத்தனை வீதமான பிள்ளைகள் சரியாகச் செய்தார்கள், எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று வினா வினாவாக அதில் இருக்கும். தரம் 10, 11க்குப் பத்து மாதிரி வினாத்தாள் சேர்ப்பதைவிட இந்த அறிக்கை ஒன்றை இருந்து வாசிப்பது பயன். கடந்தகால வினாத்தாள் எடுக்கும்போது ஆண்டைக் கவனியுங்கள். தரம் 10க்கு 2015இலும் தரம் 11க்கு 2016இலும் பாடத்திட்டம் மாறியது. அதற்கு முந்தியவற்றை அப்படியே கொடுத்தால் இப்போது படிப்பிக்காத பகுதிக்குப் பிள்ளைகள் மண்டையை உடைப்பார்கள்.

கூகிளிலும் யூடியூப்பிலும் தேடும்போது எங்கள் பாடநூல் சொல்லையே போடுங்கள். ‘அழுத்தம்’, ‘முடுக்கம்’ என்று தேடினால் தமிழ்நாட்டு வீடியோக்கள்தான் முதலில் வரும். உங்கள் விளக்கத்துக்கு அவை நல்லவை. வகுப்பில் அப்படியே போட்டால், ‘அமுக்கம்’, ‘ஆர்முடுகல்’ என்று வினாத்தாளில் பார்க்கிற பிள்ளைக்கு வேறேதோ பாடம் போலத் தெரியும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் வினா கேட்டாலும் பெரும்பாலும் இதே கதைதான். விடையையும் நீங்கள் ஒருமுறை செய்து பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

சிக்னல் இல்லாத வகுப்பறைக்கு இரண்டைச் சொல்வேன். ஒன்று, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) தளம். மின்சுற்று, ஒளி, பின்னம் என்று திரையில் பிள்ளைகளே தொட்டு மாற்றிப் பார்க்கும் செயற்பாடுகள்; சிலவற்றுக்குத் தமிழும் உண்டு. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக மடிக்கணினியில் இறக்கி வைத்தால் பிறகு இணையமே தேவையில்லை. பற்றறியின் வோல்ற்றளவை ஏற்றினால் மின்குமிழ் பிரகாசமாவதை, பற்றறியும் வயரும் இல்லாத அறையில்கூடக் காட்டலாம். மற்றது கேத்திரகணிதத்துக்கு ஜியோஜீப்ரா என்ற மென்பொருள். நிறுவும் கோப்பை ஒருமுறை இறக்கினால் போதும். முல்லைத்தீவுக்கோ மாங்குளத்துக்கோ போகும் நாளில், அல்லது இரவு நேர டேட்டா இருந்தால் வீட்டில், இந்தப் பெரிய கோப்புகளை எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி இருக்கட்டும். ஒன்று மடிக்கணினியில், மற்றது கூகிள் டிரைவில். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபிக்குள் உங்கள் ஜிமெயிலும் போட்டோக்களும் அடக்கம் என்பதால் வீடியோவை அங்கே ஏற்றாதீர்கள். அதன் இணைய முகவரியை மட்டும் ஒரு எக்செல் தாளில் எழுதி வையுங்கள். அதே தாளில் வகுப்பில் எப்படிப் போனது என்றும் ஒரு வரி. ‘8ஆம் வகுப்புக்குக் கடினம், 3ஆம் வினாவின் விடை பிழை’ என்ற குறிப்பு அடுத்த வருடம் உங்கள் ஒரு இரவை மிச்சம் பிடிக்கும். போட்டோகொப்பி கடைக்குக் கொண்டுபோகும் பென் டிரைவில் அன்றைக்கு அச்சடிக்க வேண்டியதை மட்டும் வையுங்கள். பல பேரின் டிரைவ் செருகும் கணினி அது. வைரஸ் ஏறி, கோப்புறையெல்லாம் ஷோர்ட்கட்டாக மாறி வீட்டுக்கு வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

விற்பனைக்கு வரும் பென் டிரைவ் வேண்டாம். அதில் இருப்பதில் பெரும்பகுதி மேலே சொன்ன தளங்களில் இலவசமாக உள்ளவையும், யாரோ ஒரு ஆசிரியர் தயாரித்து அவர் பெயரை வெட்டிவிட்டுப் போட்டவையுமாகத்தான் இருக்கும். அந்தக் காசுக்கு வெறும் டிரைவ் ஒன்று வாங்குங்கள். வலயத்தில் இதே பாடம் படிப்பிக்கும் இரண்டு மூன்று பேருடன் தரங்களைப் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு இரண்டு தரம்தான் வரும். கூகிள் டிரைவில் பகிரும்போது மற்றவர்களுக்குப் பார்வையிடும் அனுமதியை மட்டும் கொடுங்கள். திருத்தும் அனுமதி கொடுத்தால் ஒருவர் தன் போனில் இடம் போதவில்லை என்று அழிப்பது எல்லோருடைய பக்கத்திலும் காணாமல் போகும்.