டைட்டன் பழுப்புப் படலம்: உங்கள் விளக்கில் ஏன் வராது

சனியின் நிலவான டைட்டனைச் சூழ்ந்திருக்கும் பழுப்புப் புகைப்படலத்தைக் கண்காட்சிக்காகச் செய்து பார்க்க, ரிச்சி தெருவில் வாங்கிய வாட்டர் பியூரிஃபையர் யூவி விளக்கை, நைட்ரஜனும் மீத்தேனும் நிரப்பிய கண்ணாடிக் குடுவைமேல் மூன்று நாள் எரித்தும் பழுப்பு படியவில்லை என்கிறீர்கள். முப்பது நாள் எரித்தாலும் படியாதுங்க. அந்த விளக்கு தருவது 254 நானோமீட்டர் அலைநீள ஒளி. மீத்தேன் மூலக்கூறு உடைவதற்கு அலைநீளம் சுமார் 145 நானோமீட்டருக்குக் கீழே வேண்டும், நைட்ரஜனுக்கு 100-க்கும் கீழே. அந்த ஒளி கிடைத்தாலும் கண்ணாடியே தடுத்துவிடும்.

டைட்டனில் 1,000 கிலோமீட்டர் உயரத்தில் சூரியனின் கடும் புறஊதாவும் சனியின் காந்தமண்டல எலக்ட்ரான்களும் நைட்ரஜனை அயனியாக்குகின்றன. அது மீத்தேனைத் தாக்கி மெத்தில் அயனி ஆக்கும். அது இன்னொரு மீத்தேனுடன் சேர்ந்து எத்தில் அயனி. இவ்வகை வினைகளுக்குப் பெரும்பாலும் ஆற்றல் தடை கிடையாது, அதனால்தான் அந்தக் குளிரிலும் ஓடுகின்றன. வளைய வடிவக் கார்பன் சேர்மமான பென்சீன்கூட அங்கேயே உருவாகிறது. எதிர்மின் அயனிகளின் நிறை 10,000 டால்டனைத் (ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை) தாண்டுவதை காசினி விண்கலம் கண்டது. கீழே தெரியும் பழுப்புப் புகைக்கு விதை அவைதான்.

கண்காட்சிக்கு மாதிரி வேண்டுமானால் மின்னிறக்கம்தான் (வாயுவுக்குள் மின்சாரம் பாய்ச்சுவது) வழி: கல்லூரி ஆய்வகத்தில், நைட்ரஜன் 95, மீத்தேன் 5 சதவீதம், 1 மில்லிபார் அழுத்தம். காற்று கசிந்தால் ஆக்சிஜன் புகுந்து விளைபொருளே மாறிவிடும். வெளியேறும் வாயுவில் கொடிய நஞ்சான ஹைட்ரஜன் சயனைடு இருக்கும். நச்சு வாயுவை வெளியே இழுக்கும் ஆய்வகப் புகைக்கூண்டு (fume hood) இல்லாமல் தொடவே வேண்டாம்.