பால் பாட்டில் கேள்விகள்: ஸ்டிக்கரை விடுங்கள், அடிப்பக்கத்தைப் பாருங்கள்

போன தடவை டிபன் டப்பா பற்றி எழுதினாலும் எழுதினேன், இந்தத் தடவை வந்த கடிதங்கள் எல்லாமே குழந்தைகளின் பால் பாட்டிலைப் பற்றித்தான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் மோல்டிங் மெஷின் பக்கத்தில் நின்றவன். பிளாஸ்டிக், கண்ணாடி, எவர்சில்வர் பற்றிக் கேட்டால் சொல்வேன். எத்தனை மில்லி கொடுப்பது, பசும்பால் எப்போது ஆரம்பிப்பது என்பதையெல்லாம் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். இந்த இரண்டையும் கேட்டு வந்த பதினைந்து கடிதங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

பிபிஎஸ்யூ பாட்டில் சாதாரண பாட்டிலைவிட மூன்று நான்கு மடங்கு விலை. வாங்கித்தான் ஆக வேண்டுமா? (அல்சூர்)

கட்டாயம் எதுவும் இல்லை. பிபிஎஸ்யூ என்பது அதிகச் சூடு தாங்கும் ஒரு பிளாஸ்டிக், சாதாரண பாட்டில் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை பாட்டிலைக் கொதிக்க வைக்கிற வீடு என்றால் பிபிஎஸ்யூவுக்குப் போட்ட காசு வீணாகாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் பாட்டில் என்றால் பாலிபுரொப்பிலீனே போதும். பாலிபுரொப்பிலீனும் கொதிநீரில் உருகாது. ஆனால் சில மாதங்களில் மங்கும், கீறல் விழும். பிபிஎஸ்யூ சுமார் 200 டிகிரி வரை உருக்குலையாமல் நிற்கும். அதை அச்சில் வார்க்க மெஷினை 360 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும், பாலிபுரொப்பிலீனுக்கு 220 பக்கம் இருந்தால் போதும். கச்சாப்பொருளின் விலையும் அதிகம். விலை ஏறுவது இப்படித்தான்.

இன்னொன்று. அந்த லேசான தேன் நிறம் பிபிஎஸ்யூவுக்குப் பிறவியிலேயே உள்ளது. அழுக்கு என்று நினைத்து ஒரு வாசகி ப்ளீச் போட்டுத் தேய்த்திருக்கிறார். வேண்டாம் அம்மா.

இரண்டு பாட்டில்களின் போட்டோ அனுப்பியிருக்கிறேன். எது நல்லது? (ஒயிட்ஃபீல்டு)

போட்டோவில் தெரிவது ஒரு யானைப் படமும் ஒரு முயல் படமும்தான். பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் இருப்பதைப் படமெடுத்து அனுப்புங்கள் தம்பி. முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக் வகையைச் சொல்கிற ஒரு எண் இருக்கும். பாட்டிலிலோ பெட்டியிலோ ஐஎஸ்ஐ முத்திரையும், அதன் மேலே ஐஎஸ் எண்ணும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 14625, கண்ணாடிக்கு 5168. கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுமா என்று வந்துவிடும். முயல் படத்தை வைத்து நான் என்ன ஜோசியமா சொல்வது?

அக்கா பையன் குடித்த பாட்டில்கள் ஆறு இருக்கின்றன. நன்றாகத்தான் இருக்கின்றன. நான் பயன்படுத்தலாமா? (ஓசூர் ரோடு)

கண்ணாடி என்றால், வாய்ப்பக்கம் விரல் வைத்துத் தடவிப் பார்த்து சில்லு இல்லாவிட்டால் சரி, நிப்பிளை மட்டும் புதிதாக வாங்குங்கள். பிளாஸ்டிக் என்றால் வேண்டாம்.

"பிபிஏ ஃப்ரீ" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, நம்பி வாங்கினேன். அடியில் 7 என்று இருக்கிறது. 7 என்றாலே விஷம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். தூக்கி எறியவா? (ராமமூர்த்தி நகர்)

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். பிபிஏ என்பது பிஸ்பீனால் ஏ, சில பிளாஸ்டிக்குகளைச் செய்யப் பயன்படும் ஒரு வேதிப்பொருள்.

முதலில் அந்த 7. அது ஒரு பிளாஸ்டிக்கின் பெயரே இல்லை. 1 முதல் 6 வரை அடங்காத எல்லாவற்றுக்கும் போடுகிற "இதர" என்ற எண். பிபிஏவில் செய்யும் பாலிகார்பனேட்டும் 7தான், பிபிஏ வாசமே இல்லாத பிபிஎஸ்யூவும் 7தான். 7 என்று பார்த்ததும் பயப்படுவது, ஒரு பஸ்ஸில் திருடன் ஏறினான் என்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் போலீசில் பிடித்துக் கொடுப்பது போல.

அடுத்தது ஸ்டிக்கர். பாலிபுரொப்பிலீனில் பிபிஏ என்றைக்குமே இருந்ததில்லை. அதன் தயாரிப்பில் பிபிஏவுக்கு வேலையே கிடையாது. அந்த பாட்டிலில் "பிபிஏ ஃப்ரீ" என்று ஒட்டுவது, கடலை எண்ணெய் டின்னில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சடிப்பதைப் போன்றது. பொய் இல்லை, ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு வியாபாரி வந்தார். பாலிபுரொப்பிலீன் டப்பா ஐயாயிரம் வேண்டும், எல்லாவற்றிலும் அந்த ஸ்டிக்கர் வேண்டும் என்றார். இதில் அது எப்போதுமே இல்லையே சார் என்றேன். "இல்லைதானே? அப்புறம் ஒட்ட என்ன கஷ்டம்?" என்றார். ஒட்டினோம். டப்பா பத்து ரூபாய் கூட விலை போனது. அன்றைக்கு ஆரம்பித்த எரிச்சல் எனக்கு இன்னும் தணியவில்லை.

பிபிஏவுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல நடிக்கிற குணம் உண்டு என்பது 1930களிலேயே தெரிந்த விஷயம். ஆனாலும் 1950களில் பாலிகார்பனேட் வந்தபோது, கண்ணாடி மாதிரி தெளிவு, கீழே போட்டாலும் உடையாது என்று உலகமே அதில் பால் பாட்டில் செய்தது. குழந்தைகளின் பாட்டிலில் அது கூடாது என்று கனடா 2008ல் முதலில் அறிவித்தது. ஐரோப்பா 2011ல் நிறுத்தியது, அமெரிக்கா 2012ல். நம் ஊரில் 2015ல் திருத்திய ஐஎஸ் 14625 அதை விலக்கிவிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்கு இவ்வளவு பிபிஏ உடம்பில் சேரலாம் என்று வைத்திருந்த அளவை 2023ல் ஒரேயடியாக 20,000 மடங்கு குறைத்தது. ஆகவே பயம் வெறும் வதந்தி இல்லை. ஒட்டுகிறவர்களின் யோக்கியதை பற்றித்தான் எனக்குப் பேச்சு.

ஏனென்றால் அந்த ஸ்டிக்கர் எது இல்லை என்று சொல்கிறதே தவிர, எது இருக்கிறது என்று சொல்வதில்லை. பிபிஎஸ் என்று பிபிஏவுக்கு ஒரு தம்பி உண்டு. பாலிஈதர்சல்போன் என்ற பாட்டில் பிளாஸ்டிக் அந்தத் தம்பியை வைத்துச் செய்வதுதான். அதிலும் "பிபிஏ ஃப்ரீ" என்று தாராளமாக ஒட்டலாம், சட்டப்படி சரி. மருந்துக் கடையில் தருகிற வழவழப்பான பில் காகிதம் இருக்கிறதே, அதிலும் இந்த அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் இருப்பது சகஜம். பாட்டிலுக்காகப் பதறுகிறவர்கள் அந்த பில்லைக் குழந்தை கையில் கொடுத்து விளையாட விடுகிறார்கள்.

சரி, உங்கள் பாட்டிலுக்கு வருவோம். பெட்டியில் பிபிஎஸ்யூ என்றோ, பிபிஏ இல்லாத இன்னொரு பிளாஸ்டிக்கான டிரைட்டான் என்றோ பொருளின் பெயர் இருக்கிறதா? ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா? இரண்டும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை, கண்ணாடி மாதிரி பளிச்சென்று கெட்டியாக இருக்கிறது, 7 மட்டும் போட்டிருக்கிறது என்றால் எறிந்துவிடுங்கள். முத்திரை இல்லாத பால் பாட்டிலை விற்பதே குற்றம். 1992ல் வந்த சட்டம் அது, 2003ல் திருத்தினார்கள். பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்வதும், சும்மா கொடுத்துப் பழக்குவதும்கூட அதே சட்டத்தில் தடைதான். ஆகவே பிரசவத்துக்குப் போன இடத்தில் யாராவது இலவச பாட்டில் நீட்டினால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

பாலிபுரொப்பிலீன் பாட்டிலில் கோடிக்கணக்கில் மைக்ரோ பிளாஸ்டிக் என்று படித்தேன். உண்மையா? (ஹெச்ஏஎல்)

உண்மை. டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்காரர்கள் 2020ல் செய்த ஆய்வு. 70 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேல் துகள்கள் வரை பார்த்தார்கள். ஆனால் செய்தியில் எல்லோரும் விட்டுவிட்ட வரி ஒன்று உண்டு. 25 டிகிரித் தண்ணீரில் சுமார் ஆறு லட்சம், 95 டிகிரியில் ஐந்தரைக் கோடி. சூடுதான் அங்கே வில்லன். இத்தனை துகள் குழந்தையின் உடம்பில் என்ன செய்யும் என்பது இன்னும் தீராத விவாதம். அது தீரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பால் பவுடர் கிருமி நீக்கிய பொருள் அல்ல. அதனால் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பவுடருக்குச் சூடு வேண்டும், பிளாஸ்டிக்குக் கூடாது. வழி சுலபம். எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணிக்குள், எவர்சில்வர் சொம்பிலோ கண்ணாடி ஜாடியிலோ பவுடரைக் கலக்குங்கள். பச்சைத் தண்ணீரில் சொம்பை நிறுத்தி ஆற வையுங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் அப்புறம் பாட்டிலில் ஊற்றுங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை எடுத்து வைக்காதீர்கள். பாட்டிலுக்குள்ளேயே கொதிநீரை ஊற்றி, மூடி, மோர் கடைவது மாதிரி குலுக்குகிறீர்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன். கொதிக்கிற தண்ணீரை பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடிக்கத் தயார்.

பாட்டிலை எத்தனை நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும்? குக்கரில் இரண்டு விசில் விட்டால் போதுமா? (சிவாஜிநகர்)

இரண்டு விசில் துவரம்பருப்புக்கு. குக்கருக்குள் 120 டிகிரி ஏறும், மலிவு பாட்டில் கோணிக்கொண்டு வரும். வாயகன்ற பாத்திரத்தில், அடியில் ஒரு துணி போட்டு, பாட்டிலுக்குள் காற்றுக் குமிழி இல்லாமல் முழுக்க மூழ்கவிட்டு, தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு 10 நிமிடம். பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கவலைப்படாதீர்கள், கிருமிக்கு அந்த மூன்று டிகிரி பெரிய சலுகை இல்லை. எடுத்த பிறகு, கொதித்து ஆறிய தண்ணீரில் உள்பக்கத்தை மூன்று தடவை அலசுங்கள். பிளாஸ்டிக் என்றால் சூட்டில் உதிர்ந்த துகள் போக இது முக்கியம்.

பாட்டிலுக்குள் வெள்ளையாக ஒரு படலம். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பிளாஸ்டிக் உரிகிறதா? (கே.ஆர்.புரம்)

உங்கள் வீட்டில் போர்வெல்லா, டேங்கரா? எதுவாக இருந்தாலும் அது உப்பு. காவிரித் தண்ணீர் வருகிற வீட்டிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர், அரை மணி ஊற வைத்து அலசுங்கள். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். முரட்டு பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், அது போட்ட கீறலில் பால் தங்கும், கிருமி குடியேறும். ஏற்கெனவே கீறிவிட்டீர்கள் என்றால் உங்கள் பாட்டிலின் காலம் முடிந்தது.

மாமியார் சேலத்திலிருந்து எவர்சில்வர் பாட்டில் வாங்கி வந்தார். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல சரக்கு என்கிறார். (மர்ஃபி டவுன்)

மாமியாரின் மனசு நல்லது, காந்தம்தான் நம்பத்தகாதது. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் உள்ள 304 ரக எவர்சில்வரிலும் ஒட்டாது, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு 202லும் ஒட்டாது. நல்ல 304கூட வளைத்து அழுத்திய இடத்தில் லேசாக இழுக்கும். 304 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், பில் இருந்தால் இன்னும் நல்லது. எவர்சில்வரில் கொதிநீர் பயம் இல்லை, உடையாது. குழந்தை பால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது, அது ஒன்றுதான் குறை.

ஆனால் அது இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க் வகையா? அப்படியானால் கலந்த பாலை வெதுவெதுப்பாக அதில் வைத்துக்கொண்டு அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் இரண்டு மணி நேரம் நிற்காதீர்கள். தயிர் உறை ஊற்றுவதற்கு நாம் தேடுகிற அதே சூடு அது. சுடுதண்ணீர் தனியாக, பவுடர் தனியாக எடுத்துப் போங்கள்.

கண்ணாடி பாட்டில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து சுடுநீரில் வைத்ததும் விரிசல். போலியா? (இந்திராநகர்)

போரோசிலிகேட் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குதான் சூட்டில் விரியும், அதனால் தாங்கும். உங்களுடையது சாதாரணக் கண்ணாடியாக இருக்கலாம், அல்லது நீங்கள் அவசரப்பட்டிருக்கலாம். முதலில் குழாய்த் தண்ணீர், அப்புறம் வெதுவெதுப்பு. குழந்தை தானாகப் பிடித்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டால் கண்ணாடியை மேலே எடுத்து வைத்துவிடுங்கள்.

நிப்பிள் மஞ்சளாகிப் பிசுபிசுக்கிறது.

ஊர் எழுதவில்லை, ரப்பரா சிலிக்கானா என்றும் எழுதவில்லை. எதுவானாலும் குப்பையில் போடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பொருள் அது.

பாட்டிலே வேண்டாம், பாலாடையில் ஊட்டு என்கிறார் பாட்டி. இந்தக் காலத்தில் அதெல்லாம் சரியா? (ஸ்ரீராமபுரம்)

பாட்டி சொல்வதுதான் சரி. மூலை முடுக்கு இல்லாத பாத்திரம், கழுவினால் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பாலாடையில் ஊட்டுகிறார்கள். சிக்பேட்டைப் பாத்திரக் கடையில் கேளுங்கள், சங்கு என்றாலும் எடுத்துக் கொடுப்பார்கள். பொறுமை மட்டும் வேண்டும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து ஊட்டுங்கள், ஊற்றாதீர்கள்.

புது பாட்டிலில் ஸ்டிக்கரை உரித்துவிட்டேன், பசை மட்டும் போகவில்லை. பெட்ரோல் போட்டுத் துடைக்கலாமா? (பனசங்கரி)

ஐயோ, வேண்டாம்! இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிஷம் கழித்து சோப்பு போட்டுக் கழுவுங்கள். "பிபிஏ ஃப்ரீ" ஸ்டிக்கர்தானே? உரித்ததற்கு என் நன்றி.