தேதி நோட்டும் மதிப்பெண் பட்டியலும்: காரைக்குடித் தந்தை ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை செக்காலை ரோட்டில் உங்கள் கடை வாசலில் நின்றபடி பேசியபோது, வியாபார நேரம் என்பதால் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை, ஆகவே எழுதுகிறேன். பிளஸ் டூ முடிக்கப்போகும் மகள், கல்லூரியே வேண்டாம், மெல்லிசைக் கச்சேரிகளில் பாடுவதும் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவதும் போதும் என்கிறாள். செட்டிநாட்டில் இருந்துகொண்டு பாடிப் பிழைக்க முடியுமா என்று கேட்டீர்கள். பாடுவதை மட்டும் நம்பி, வருடம் பன்னிரண்டு மாதமும், இந்த ஊரை விட்டு நகராமல் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் முடியாது என்பதே என் பதில். இந்த மூன்றில் ஒன்றையாவது தளர்த்திக்கொண்டால் முடியும். எதைத் தளர்த்துவது என்பதை அவளும் நீங்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத நேர்ந்தது.

அவளுடைய நோட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஆலோசகரான என்னைப் பார்க்க வந்த அன்று மதிப்பெண் பட்டியலை எடுக்கும்போது, பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றும் கூடவே வந்து விழுந்தது. தேதி, ஊர், யார் மூலம் வந்தது, பேசிய தொகை, கையில் வந்தது, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போனது என்று கட்டம் போட்டு, ஒரு கச்சேரி விடாமல் எழுதியிருந்தாள். ஒரு வரியில் மட்டும், கையில் வந்தது என்ற கட்டத்தில், ‘அட்வான்ஸ் மட்டும்’ என்று எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தாள். மீதியை மறுநாள் கொடுத்தனுப்புகிறோம் என்ற கல்யாண வீட்டார் பிறகு போனையே எடுக்கவில்லையாம். பாட்டு ஆசையோடு என்னிடம் வந்த பிள்ளைகளில் வரவு செலவு எழுதிக்கொண்டு வந்த முதல் பிள்ளை இவள்தான். உங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்ததால் வந்த பழக்கமாக இருக்கலாம். அவளை விளையாட்டுப் பிள்ளை என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம் என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

உறவினர்கள் ‘கூத்தாடிப் பிழைப்பு’ என்று பேசுவதாகச் சொல்லி வருந்தினீர்கள். அவர்களிடம் அரியக்குடியைக் காட்டுங்கள். காரைக்குடியிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே 1890-இல் பிறந்த இராமானுஜ ஐயங்கார்தான் இன்று நாம் கேட்கும் கர்நாடக இசைக் கச்சேரிக்கு ஒரு கட்டமைப்பை வகுத்துக் கொடுத்தவர். வர்ணத்தில் தொடங்கி, சிறிய கீர்த்தனைகளை விறுவிறுப்பாகப் பாடி, நடுவே ஒன்றை விரித்து, கடைசியில் துக்கடாக்கள் எனும் சிறு பாட்டுகளோடு முடிக்கும் அந்த வரிசை, சபாவில் வந்து உட்காரும் பலதரப்பட்ட ரசிகர்களின் பொறுமையையும் ருசியையும் கணக்கிட்டு அமைந்தது. வீணைக் கலைஞர்களான காரைக்குடிச் சகோதரர்களோ திருக்கோகர்ணத்தைச் சேர்ந்தவர்கள். நகரத்தார் ஆதரவால் இங்கே வந்து தங்கி, ஊரின் பெயரையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். அவர்களில் இளையவரான சாம்பசிவ ஐயர் 1952-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அத்தனை பெருமை இருந்தும் கடைசிக் காலத்தில் சென்னை கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்தார். மிருதங்கக் கலைஞர் காரைக்குடி மணி இந்த ஊரில் பிறந்து சென்னையில் வாழ்ந்து பல நாட்டு மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். ஏவி. மெய்யப்பன் இங்கேயே ஸ்டூடியோ போட்டு எடுத்த ‘நாம் இருவர்’ 1947-இல் வெளிவந்தது. கொஞ்ச காலத்திலேயே ஸ்டூடியோவும் கோடம்பாக்கம் போய்விட்டது. பெருமைக்காக இவற்றை அடுக்கவில்லை. இந்த மண் கலைஞரைத் தாங்கியிருக்கிறது, ஆனால் பெரும்பாலும் வேறு ஊருக்குப் போய்வருகிறவராகவோ, சொல்லிக்கொடுக்கிறவராகவோதான் தாங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

‘சுயாதீனக் கலைஞர்’ என்ற சொல் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். அந்தப் பிழைப்பு புதிதன்று. நம் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முருகன் வேஷக்காரர் ஓர் ஊரிலிருந்தும், வள்ளி இன்னோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியம் வாசிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை எதுவும் இல்லாமல் மேடையிலேயே சந்தித்துக்கொள்வார்கள். தனித்தனியாக வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வாங்கி, தனித்தனியாகத் தேதி குறித்துக்கொண்டு, ‘அந்தத் தேதி எனக்கு இருக்கிறது’ என்று சொல்பவர்கள் அவர்கள். இன்று கீபோர்டு வாசிப்பவரும் ரிதம் பேடு வாசிப்பவரும் உங்கள் மகளும் இந்தக் குழுவில் ஒரு நாள், அந்தக் குழுவில் ஒரு நாள் என்று போய்வருவதும் இதே முறைதான். எனவே இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் என்ற சொல்லே கிடையாது. தேதி உண்டு, தேதி இல்லை, அவ்வளவுதான்.

அந்தத் தேதிகள் வருடத்தில் எப்படி விழுகின்றன என்பதை அவள் நோட்டே சொல்கிறது. தையில் பழனிக்குக் காவடி புறப்படும் காலம் தொடங்கி, மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா, பிறகு கொப்புடையம்மன் திருவிழா, சுற்றுப்பட்டு ஊர்களில் திருவிழாவின் ஒரு நாள் செலவை ஒருவர் ஏற்று நடத்தும் மண்டகப்படிகள், அவற்றோடு வைகாசி, ஆனி முகூர்த்தங்கள் என்று பக்கம் நிரம்பிக்கொண்டே போகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை. அம்மன் கோயில் கச்சேரிகள் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன. ஆவணி முகூர்த்தங்களுக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் பிறகு புரட்டாசியில் பக்கம் வெளுக்கத் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் இருந்தாலும் திறந்தவெளி மேடை மழையை நம்பித்தான். மார்கழியில் சென்னையில் சபாக்கள் நிறைந்திருக்கும். இங்கே மெல்லிசைக் குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஆகக் கூடி, ஆண்டில் மூன்று நான்கு மாதம் வருமானம் வறண்டுவிடும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். விவசாயியும் மழையைப் பார்த்துத்தானே விதைக்கிறார். உங்களுக்கும் தீபாவளிக்கு முந்தைய மாத விற்பனையும் ஆடி மாத விற்பனையும் ஒன்றல்லவே.

இப்போது படிப்புக்கு வருகிறேன். கல்லூரியை விடக்கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். எந்தப் படிப்பு என்பதில் அவள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். நீங்கள் சொல்வது போல அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தால் வீட்டிலிருந்து போய்வரலாம், தேதிகளும் கெடாது. ஆனால் இசையில் அவளுக்குக் கையில் ஒரு சான்றிதழும் இருக்காது. மாவட்ட அரசு இசைப்பள்ளி சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் இருக்கிறது; 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம், மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு, கட்டணமும் மிகக் குறைவு. சிரமம் என்னவென்றால் அது பகல்நேரப் பள்ளி, கல்லூரியோடு சேர்த்துப் படிக்க வசதிப்படாது. மதுரை அரசு இசைக் கல்லூரியோ, சென்னை ராணி மேரி கல்லூரியின் பி.ஏ. இசையோ, 1929-இல் தொடங்கிய சிதம்பரம் இசைக் கல்லூரியோ என்றால் விடுதியில் தங்க வேண்டியிருக்கும். இவற்றில் மதுரையை நான் முதலில் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், சனி ஞாயிறுகளில் விழும் முகூர்த்தங்களையும் விட வேண்டியதில்லை.

இசைப் பட்டத்தால் என்ன வேலை என்று கேட்பீர்கள். கேந்திரீய வித்யாலயா பள்ளிகளில் தொடக்க நிலை இசை ஆசிரியர் பணிக்கு மேல்நிலைத் தேர்ச்சியும் இசையில் இளநிலைப் பட்டமும் அடிப்படைத் தகுதி. மாநிலப் பள்ளிகளின் இசை ஆசிரியர் பணியைக் குறிவைத்தால், அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளையும் இப்போதே எழுதத் தொடங்குவது நல்லது. அகில இந்திய வானொலியின் குரல் தேர்வில் பாடி ‘பி’ கிரேடு என்ற தரநிலை வாங்கினாலும் அது வருமானத்தைவிட மதிப்புக்கு உதவும். வீட்டில் வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு அந்த மதிப்புதான் மாணவர்களைக் கொண்டுவருகிறது. 18 வயது முடிந்ததும், மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு இரண்டாண்டு காலம் மாதம் 5,000 ரூபாய் வழங்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது முறையாகக் குருவிடம் சில ஆண்டுகள் கற்றவர்களுக்கானது, மெல்லிசை மேடை அனுபவம் அதற்குப் போதாது.

இன்னொரு வழியை நீங்கள் இருவருமே யோசிக்கவில்லை. சென்ற தையில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன்; தற்செயலாக அங்கே பாடியது உங்கள் மகள்தான். பழைய வீட்டின் வளவில், அதாவது உள் முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், மேடை. நான்கு பக்கமும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல், ஒரு வார்த்தை பேசினால் நான்கு வார்த்தையாகத் திரும்பி வந்தது. மைக் செட்காரர் ஒலிபெருக்கிகளைச் சுவரை நோக்கி வைத்துவிட்டு, இரைச்சலை அடக்க மேலும் மேலும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். இவள் பாடுவதை நிறுத்திவிட்டு இறங்கிப்போய், “அண்ணே, எக்கோவை முழுசா எடுத்துடுங்க, பாக்ஸை முற்றத்துப் பக்கம் திருப்புங்க, வீடே எக்கோ கொடுக்குது” என்றாள். இரண்டு நிமிடத்தில் பாட்டு தெளிந்தது. அதற்குப் பிறகு அவள் பாடியது சினிமாப் பாட்டு இல்லை, அப்பத்தாவிடம் கேட்டு எழுதிவைத்த தாலாட்டு ஒன்று. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்த ஆச்சிமார் இரண்டு பேர் இலையை விட்டு எழுந்து வந்து தூணோரம் நின்றார்கள். இந்தக் காது உள்ள பிள்ளை ஒலிப்பதிவையும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சென்னையில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அதற்கென்றே இளநிலைப் பட்டப் படிப்பு இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். கிடைத்தால் மூன்று நிபந்தனைகளில் ஊரை விட்டு நகராமல் என்பது அடிபட்டுப் போகும். யோசியுங்கள்.

சொந்தப் பாட்டு விஷயத்தில் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நினைக்கிறாள்; அவளுக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டைப் பாடி யூடியூபில் ஏற்றினால், அதற்கு வரும் விளம்பர வருமானம் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போவதே வழக்கம். அவளுக்கு மிஞ்சுவது அறிமுகம். சொந்தப் பாட்டானாலும் 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்த பிறகே பெரும்பாலும் வீடியோக்களின் விளம்பரப் பங்கு தொடங்கும். கல்யாண வீட்டிலும் சமயச் சடங்கிலும் சினிமாப் பாட்டுப் பாடுவதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது; டிக்கெட் போட்டு நடத்தும் மேடைக்கு அந்த விலக்கு கிடையாது, அங்கே உரிமம் பெறும் பொறுப்பு நடத்துபவருடையது என்று பேச்சிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். பாரதி பாடல்களுக்கும் பரம்பரைத் தாலாட்டுகளுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவள் புது மெட்டுப் போட்டால் அந்த மெட்டு அவளுடையது.

இதில் நீங்கள் தலையிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஏதாவதொரு நிறுவனம் அவள் பாட்டை மொத்தமாக விலைபேசி, ‘எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்’ என்று தாளை நீட்டினால், வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரிய ராயல்டிப் பங்கை ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுக்க முடியாதபடி 2012-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு கேட்கவும் தயங்குகிறவர்கள் நிறைய. நான்கைந்து சொந்தப் பாட்டு வெளியான பிறகு ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகச் சேரட்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் 1969 முதல் அந்தத் தொகையைத் திரட்டிப் பிரித்துக் கொடுப்பது அந்த அமைப்புதான்.

தொலைக்காட்சிப் போட்டிகளைப் பற்றி அவள் ஆர்வமாகப் பேசினாள். போகட்டும், ஒரு முறை போய்வரட்டும். அதை மட்டும் நம்பி ஓர் ஆண்டுப் படிப்பைத் தள்ளிப்போடச் சம்மதிக்காதீர்கள்.

இரவுப் பயணம் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது, அதைப் பழைய காலத்து எண்ணம் என்று அவள் சொன்னது தவறு என்று அவளிடமே சொல்லிவிட்டேன். அதற்காகத் தேதியே வேண்டாம் என்பதும் சரியில்லை. காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் மட்டும். குழுவில் இன்னொரு பெண்ணாவது இருக்க வேண்டும். போக்குவரத்து வண்டியைப் பேசிய தொகையோடு சேர்த்தே பேச வேண்டும். வண்டி எண்ணும் ஓட்டுநர் எண்ணும் புறப்படும் முன் உங்கள் போனில் இருக்க வேண்டும். இவ்வளவையும் அவள் ஒப்புக்கொண்டாள். பணத்தைப் பொறுத்தவரை, பாதியை அட்வான்ஸாகவும் மீதியை மேடை ஏறும் முன்பும் வாங்குவது என்ற வழக்கத்தை அவள் வயதில் கேட்கக் கூச்சமாக இருக்கும். முதல் ஓராண்டுக்கு அந்தப் போன் பேச்சை நீங்களே பேசுங்கள். கடன் வசூலிப்பதில் உங்களுக்கு இருக்கும் அனுபவம் எனக்குக் கிடையாது.

பொதுத் தேர்வு முடியும் வரை புதுத் தேதி எதுவும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்றும், முன்பே ஒத்துக்கொண்ட மாசி மண்டகப்படி ஒன்றை மட்டும் பாடிக்கொடுத்துவிடலாம் என்றும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால் அந்த ஊரில் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். தேர்வு முடிந்த முதல் வியாழக்கிழமை, கடைக்கு ஆள் வைத்துவிட்டு, நீங்களும் அவளோடு வாருங்கள். வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த நாற்பது பக்க நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். விடுதிச் செலவை எந்த மாதத் தேதிகளால் எவ்வளவு வரை அவளே கட்ட முடியும் என்பதை அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் ஆலோசகர்