விதை வங்கியும் அரசியலும் – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

பாலஸ்தீன மேற்குக் கரையில் உள்ள ஹெப்ரோன் விதை வங்கியைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 2025 ஜூலை 31 அன்று இஸ்ரேலிய ராணுவம் புல்டோசரோடு வந்து அங்கிருந்த விதைப் பெருக்க நிலையத்தை இடித்த செய்தி மனதை விட்டுப் போகவே இல்லை. நான் நீர்வடிப்பகுதி வேலைகள் செய்யும் சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றில் எட்டு வருடமாக இருக்கிறேன். பண்ணைக்குட்டை வெட்டுவோம், வரப்பு போடுவோம், மரக்கன்று கொடுப்போம். அதனால் அந்த வேலையின் அருமை தெரியும்.

ஆனால் எனக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, அந்த விதை வங்கியை நடத்தும் வேளாண் பணிக் குழுக்களின் ஒன்றியம் என்ற பாலஸ்தீன அமைப்பு விதை, தண்ணீர், நிலம் என்று தன் வேலையை மட்டும் பார்த்திருக்கக் கூடாதா? வெளிநாட்டில் போய்ப் பேசுவதும் அறிக்கை விடுவதும் எதற்கு? எங்கள் இயக்குநர் அடிக்கடி சொல்வார்: “அரசியல் பேசினால் குட்டையும் போகும், கூலியும் போகும்.” இரண்டு, 2019இல் 17 வயது இஸ்ரேலியப் பெண் ஒருத்தி குண்டுவெடிப்பில் செத்துப்போனாள். அந்த வழக்கில் கைதானவர்களில் இந்த அமைப்பின் ஊழியர்களும் உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏன் அக்கா?

அன்புடன்,
கா.

—

அன்புள்ள கா.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதை எழுதாமல் விட்டது என் தவறு. இடிபட்ட விதைக்கூடத்தைப் பற்றி எழுதும்போது அதற்கு இடமில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்திருக்கக் கூடாது.

2019 ஆகஸ்ட் 23. 1967இலிருந்து இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக் கரையில், டோலெவ் என்ற யூதக் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு ஊற்று. அப்பாவோடும் அண்ணனோடும் அங்கே போன அந்தப் பெண், வைத்திருந்த குண்டு வெடித்து இறந்துபோனாள். மற்ற இருவருக்கும் படுகாயம். பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி என்ற ஆயுத இயக்கத்தின் ஆட்கள் செய்தது என்று இஸ்ரேல் பலரைக் கைது செய்தது. அவர்களில் இருவர் இந்த ஒன்றியத்தில் சம்பளம் வாங்கியவர்கள். அதில் ஒருவர் விசாரணையின்போது விலா எலும்பு முறிந்து, சிறுநீரகம் செயலிழந்து, உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் கிடந்தார். அதையும் சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்வதால் ஊற்றங்கரையில் நடந்தது கொலை இல்லை என்று ஆகிவிடாது. ஊற்றுக்குப் போன பிள்ளையைக் கொல்வதை எந்த விடுதலையின் பேராலும் நான் ஏற்கமாட்டேன்.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2021 அக்டோபரில் இஸ்ரேலின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் பென்னி காண்ட்ஸ் ஆறு பாலஸ்தீன அமைப்புகளைப் பயங்கரவாத அமைப்புகள் என்று அறிவித்தார். இந்த ஒன்றியமும் அதில் ஒன்று. கூடவே 1979இலிருந்து மனித உரிமை வழக்குகள் நடத்திவரும் அல்-ஹக், கைதிகளுக்காக வாதாடும் அத்தமீர், பிசான் ஆய்வு மையம், குழந்தைகளுக்காகவும் பெண்களுக்காகவும் வேலை செய்யும் இரண்டு அமைப்புகள். ஆதாரம் இருக்கிறது என்றார்கள், ஐரோப்பிய அரசுகளிடம் கொடுக்கவும் செய்தார்கள். வாங்கிப் பார்த்த ஒன்பது நாடுகள், ஜெர்மனியும் பிரான்சும் உட்பட, 2022 ஜூலையில் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன: எங்கள் கொள்கையை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதமே, ஆகஸ்ட் 18 விடியற்காலையில், ராணுவம் மேற்குக் கரையின் ராமல்லா நகருக்குள் வந்து இந்த அமைப்புகளின் அலுவலகங்களைச் சோதனை போட்டுக் கதவுகளை அடைத்து முத்திரை வைத்துவிட்டுப் போனது.

இந்த ஒன்றியத்தை மட்டும் தனியாகத் துருவிப் பார்த்தது நெதர்லாந்து. பல வருடம் நிதி கொடுத்த நாடு அது. ஊழியர்கள் கைதானதை வைத்து 2020இல் நிதியை நிறுத்தி, வெளியாள் ஒருவரிடம் விசாரணையை ஒப்படைத்தார்கள். முடிவு இரண்டு பக்கத்தாருக்கும் கசப்பாக வந்தது. ஒன்றியத்திலிருந்து மக்கள் முன்னணிக்குப் பணம் போனதற்கு ஆதாரம் இல்லை, முன்னணி சொல்லி ஒன்றியம் ஆடியது என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் 2007க்கும் 2020க்கும் இடையில் ஊழியர்களும் நிர்வாகக் குழுவினருமாக 34 பேர் அந்த முன்னணியோடும் தொடர்பு வைத்திருந்தார்கள். இதைச் சொல்லி 2022 ஜனவரியில் நெதர்லாந்து நிதியை ஒரேயடியாக நிறுத்திவிட்டது.

அந்த 34ஐ ஒன்றுமில்லை என்று நான் தள்ள மாட்டேன். அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றியம் தொடங்கியது 1986இல். அப்போது பாலஸ்தீனர்களின் சுயநிர்வாகமான பாலஸ்தீன அதிகாரசபை கிடையாது, வேளாண் துறை என்று ஒன்று கிடையாது. விவசாயம் படித்தவர்களும் தொண்டர்களும் சேர்ந்து ஊர் ஊராகக் குழு போட்டார்கள். மருத்துவக் குழு, பெண்கள் குழு, விவசாயக் குழு என்று அந்தக் காலத்தில் முளைத்த பலவும் ஏதாவது ஓர் இயக்கத்தின் நிழலில் முளைத்தவை. இந்தக் குழு நின்றது இடதுசாரி மக்கள் முன்னணியின் நிழலில். பழைய உறவுகள் அலுவலகத்துக்குள் அப்படியே தங்கிவிட்டன. ஆயுதம் ஏந்தும் இயக்கத்தில் காலும், விவசாயிக்கு விதை கொடுக்கும் வேலையில் கையுமாக இருப்பவரை நிர்வாகத்தில் வைத்திருந்தால், விதை வாங்கும் விவசாயியின் தலையில்தான் அது விடியும். ஒன்றியம் இதை இன்னும் கறாராகப் பிரித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கொலை வழக்கில் உள்ளவர்களை விசாரித்துத் தண்டிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்காக ஹெப்ரோனில் வெள்ளரி விதை இருக்கும் கிட்டங்கியை இடிப்பதில் எந்த நியாயமும் இல்லை.

சரி, முதல் கேள்வி. வேலையை மட்டும் பார்த்தால் போதாதா?

நீங்கள் குட்டை வெட்டுகிறவர், அதனால் உங்களுக்குச் சட்டென்று புரியும். மேற்குக் கரையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நிலம் ‘சி’ பகுதி. இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் செய்துகொண்ட 1995 ஒஸ்லோ ஒப்பந்தப்படி ஐந்து வருட இடைக்கால ஏற்பாடு அது. இன்றுவரை முழுக் கட்டுப்பாடும் இஸ்ரேல் கையில். 1967 நவம்பரில் ராணுவம் போட்ட 158ஆம் எண் ஆணைப்படி அனுமதி இல்லாமல் எந்த நீர் அமைப்பும் கட்டக் கூடாது. கிணறு மட்டுமில்லை, மழைநீர்த் தொட்டிக்கும் அதே கதைதான். விண்ணப்பித்தால் பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்காமல் கட்டினால் இடிப்பாணை வரும். ஆக, தாத்தா நிலத்தில் ஒரு தொட்டி தோண்ட நினைத்தவுடனேயே அந்த விவசாயி ராணுவ நிர்வாகத்தோடு மோதியாயிற்று. அவர் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை.

தோண்டாமல் சும்மா விட்டால்? அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1858இல், துருக்கிய ஒட்டோமான் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் வந்த நிலச் சட்டம். தொடர்ந்து மூன்று வருடம் பயிர் வைக்காத நிலம் அரசுக்குப் போகலாம் என்பது அதன் ஒரு கூறு. 1979இல் எலோன் மோரே வழக்கில், ராணுவத் தேவை என்று சொல்லித் தனியார் நிலத்தை எடுத்துக் குடியிருப்பு கட்டுவதை இஸ்ரேலிய உச்ச நீதிமன்றமே தடுத்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். தரிசாகக் கிடந்த நிலங்கள் ‘அரசு நிலம்’ என்று அறிவிக்கப்பட்டன, குடியிருப்புகள் அதன்மேல் எழுந்தன. ஒன்றியத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? தரிசைத் திருத்துவது. கல்லைப் பொறுக்கிச் சரிவில் அடுக்கடுக்காகக் கல்வரப்பு கட்டுவது, வண்டிப்பாதை போடுவது, ஒலிவக்கன்று நடுவது. நீங்கள் செய்யும் அதே வேலை. அங்கே அந்தக் கன்றுதான் பட்டா.

விதைக்கும் இதே கணக்குதான். நாம் ‘நாட்டு விதை’ என்று சொல்வதை அவர்கள் ‘பலதி’ என்கிறார்கள், பொருளும் கிட்டத்தட்ட அதேதான். மானாவாரிக்கு ‘பாஅல்’ என்று பெயர். அந்த மண்ணில் பண்டைக் காலத்தில் வாழ்ந்த கானானியரின் மழைக்கடவுள் பெயர் இன்னும் உழவர் வாயில் இருக்கிறது. ‘ஃபக்கூஸ்’ என்று ஒரு வெள்ளரி. வெளிர்பச்சை, மேலே வரிவரியாக, தொட்டால் மெல்லிய சுணை. வசந்தத்தில் ஊன்றினால் மண்ணில் தங்கிய மழை ஈரத்திலேயே வளர்ந்து, கொளுத்தும் வெயிலில் காய்க்கும். தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. கடையில் வாங்கும் வீரிய விதைக்குப் பாசனம் வேண்டும், அடுத்த வருடம் மறுபடி காசு கொடுத்து வாங்கவும் வேண்டும். ஃபக்கூஸ் விதைக்கிற விவசாயி 158ஆம் ஆணைக்கு விண்ணப்பம் எழுத வேண்டாம்.

எங்கள் அம்மா சுரை விதையைச் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைப்பார். அவர் போனபின் ஒரு முடிச்சை ஞாபகத்துக்காக அப்படியே வைத்திருந்தேன். பல வருடம் கழித்து ஊன்றிப் பார்த்தபோது ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையை வைத்திருந்தால் மட்டும் போதாது, அவ்வப்போது விதைத்துப் புது விதை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹெப்ரோனில் இடித்தது அந்த வேலை நடக்கும் இடத்தை. அடுத்த விதைப்புக்கான விதை உருவாகும் இடம் அது.

உங்கள் இயக்குநர் சொன்னதற்கு வருகிறேன். அரசியல் பேசினால் குட்டை போகும் என்கிறார். பேசாத இடத்தில் குட்டை நின்றதா என்று பார்ப்போம். பெத்லஹேம் பக்கத்தில் ஜுப்பத் அத்-தீப் என்று ஒரு சின்னக் கிராமம். பல வருடம் கேட்டும் மின் இணைப்பு கிடைக்கவில்லை. நெதர்லாந்து கொடுத்த பணத்தில் சூரிய மின்தகடுகள் வைத்தார்கள். யாரும் அங்கே கொடி பிடிக்கவில்லை. 2017 ஜூன் மாதம் ராணுவ நிர்வாகத்தினர் வந்து 96 தகடுகளையும் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள், அனுமதி இல்லையாம். மூன்று மாதம் கழித்து அவை திரும்பி வந்தன. எப்படி வந்தன? நெதர்லாந்து அரசு எதிர்ப்புத் தெரிவித்தது, நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள், பத்திரிகைகள் எழுதின. நீங்கள் ‘அரசியல்’ என்று சொல்லும் அந்த வேலையால்தான் அந்த ஊருக்கு மறுபடி விளக்கு வந்தது. அதே ஊரில் அதே வருடம் ஆகஸ்டில், பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு வகுப்பறைகளை அகற்றினார்கள். ஊர்க்காரர்கள் மறுபடி கட்டினார்கள். 2023 மே மாதம் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் இருந்த அந்தப் பள்ளியை மறுபடி இடித்தார்கள்.

இப்படி இடிபட்டதற்கும் எடுத்துப் போனதற்கும் ஈடாக 30,000 யூரோவுக்கு மேல் கொடுங்கள் என்று பெல்ஜியம் முன்னின்று எட்டு ஐரோப்பிய நாடுகள் 2017இல் இஸ்ரேலிடம் கேட்டன. கட்டிக் கொடுப்பதை மட்டும் வேலையாக வைத்துக்கொண்டால் வருடா வருடம் இடிப்பதற்கென்று கட்டித் தரும் ஒப்பந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஒன்றியம் அப்படி இருக்க மறுத்தது. எந்த நிலம், யார் இடித்தது, எந்த ஆணைப்படி என்று எழுதி வைத்தது. வியா கம்பெசினா என்ற உலக விவசாயிகள் இயக்கத்தில் சேர்ந்தது. ஐரோப்பிய நாடாளுமன்றங்களில் போய்ப் பேசியது. எனக்கு அதில் தவறு தெரியவில்லை, கா. விவசாயியின் தொட்டியை இடிப்பவர் யார் என்று சொல்லாமல் அந்தத் தொட்டியைப் பற்றி ஓர் அறிக்கை எழுத உங்களால் முடியுமா?

உலக வங்கி அரசியல் இயக்கம் இல்லை. ‘சி’ பகுதியில் உள்ள தடைகளால் பாலஸ்தீனப் பொருளாதாரம் ஆண்டுக்கு 340 கோடி டாலர் இழக்கிறது என்று 2013இல் அது கணக்குப் போட்டது. அன்றைய மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 35 விழுக்காடு. விதையோ உரமோ பயிற்சியோ கொடுத்து நிரப்பக்கூடிய பள்ளமா இது?

பேசியதற்கு விலை இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பெத்லஹேமில் உள்ள பாதில் என்ற அகதி உரிமை அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி ஒப்பந்தத்தில் புதிதாகச் சேர்த்த ஒரு நிபந்தனையில் கையெழுத்துப் போட மறுத்தது. பாலஸ்தீனக் கட்சிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் வைத்துப் பார்க்கும் நிபந்தனை அது. 2020இல் அவர்கள் 17 லட்சம் யூரோவை இழந்தார்கள். எத்தனை பேர் சம்பளம் அது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் இயக்குநரின் பயம் எனக்குப் புரிகிறது. மாதக் கடைசியில் பன்னிரண்டு பேருக்குச் சம்பளம் போட வேண்டியவர் அப்படித்தான் யோசிப்பார். அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் குட்டையை இடிக்க யாரும் வருவதில்லை, அதனால் அந்தப் பேச்சு உங்களுக்குத் தேவைப்படாமலே இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. போன கட்டுரையில் இதை எழுத விட்டுப்போயிற்று. இடிப்பதற்கு ஒன்பது மாதம் முன்னால், 2024 அக்டோபரில், ஒன்றியம் தன் விதைகளில் ஒரு பங்கை உலகெங்குமிருந்து வரும் விதைகளைப் பத்திரமாக வைக்கும் நார்வேயின் ஸ்வால்பார்ட் பனிக் கிடங்குக்கு அனுப்பி வைத்தது. அந்தக் கிடங்கின் விதி, வைத்தவர் மட்டுமே பெட்டியைத் திரும்பக் கேட்க முடியும், வேறு எவரும் பிரிக்க முடியாது. இதுவரை ஒரே ஓர் அமைப்புதான் அப்படிக் கேட்டு எடுத்தது. சிரியாவின் அலெப்போ பக்கம் போரில் வேலை முடங்கிய விதை நிலையத்துக்காரர்கள் 2015இல் எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017இல் புது விதையைத் திரும்ப வைத்தார்கள். ஹெப்ரோன்காரர்களும் ஒருநாள் தங்கள் பெட்டியைக் கேட்கலாம். அன்றைக்கு அந்த விதையை ஊன்ற அவர்களுக்குக் கொஞ்சம் நிலமும், இடிபடாத ஒரு தொட்டியும் வேண்டும்.

அன்புடன்,
அக்கா