முடக்கு வாதம் சில இன மக்களுக்கு மட்டும் ஏன் அதிகம் வருகிறது?

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குவதுதான் முடக்கு வாதம். தேய்மானத்தால் வரும் மூட்டுவலி வேறு. உலகில் பொதுவாக 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வருகிறது. ஆனால் அமெரிக்கப் பழங்குடிகளான பிமா, சிப்பேவா மக்களிடம் 100 பேரில் 5 முதல் 7 பேர் வரை பதிவாகியிருக்கிறது.

பெரிய காரணம் எச்எல்ஏ-டிஆர்பி1 என்ற மரபணு. இது உருவாக்கும் புரதம் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி. கண்ணில் படும் புரதத் துணுக்குகளைப் பிடித்து எதிர்ப்பு அணுக்களிடம் காட்டும். சிலருடைய வாட்ச்மேன், சட்டை மாற்றி வந்த குடித்தனக்காரரையே, அதாவது சற்று உருமாறிய நம் சொந்தப் புரதத்தையே, திருடன் என்று பிடித்துக் கொடுத்துவிடுவார். புகைபிடித்தால் நுரையீரலில் இப்படிச் சட்டை மாறும் புரதங்கள் கூடும், அப்புறம் ஆபத்தும் கூடும்.

இந்த வாட்ச்மேன் ஊருக்கு ஊர் வேறு ஆள் என்பதுதான் சுவாரசியம். வட ஐரோப்பியரிடம் 04:01 என்ற வகை, ஜப்பான், கொரியாவில் 04:05, இந்தியர்களிடம் 10:01, அமெரிக்கப் பழங்குடிகளிடம் 14:02. ஆனாலும் எல்லாவற்றிலும் ஒரு சிறு பகுதி கிட்டத்தட்ட ஒன்றே. 1987இல் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். இன்னொரு மரபணுவான பிடிபிஎன்22இல் ஐரோப்பியரிடம் உள்ள ஆபத்தான மாற்றம் கிழக்காசியரிடம் அநேகமாக இல்லை. அதனால் ஐரோப்பியரை வைத்துப் போட்ட கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது.

மரபணு இருந்தால் நோய் நிச்சயம் என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலும் மற்றவருக்கு வருவது சுமார் 15 சதவீதம்தான்.