ஸ்டெம் செல்லுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. பார்க்கின்சன் நோய்க்கு ஸ்டான்லியில் காட்டி மாத்திரை சாப்பிடுகிறார். ‘ஸ்டெம் செல் ஏற்றினால் நடுக்கம் நின்றுவிடும், இது ஆராய்ச்சி சிகிச்சை, மூன்று லட்சம்’ என்று ஓரிடத்தில் சொல்கிறார்கள். நகையை வைத்துக் கட்டிவிடலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம் அம்மா. முறையான கிளினிக்கல் ட்ரையலில், அதாவது நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் ஆய்வில், சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். சில ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சைகளைப் பதிவு செய்த ஆய்வுக்கு வெளியே தரக்கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்.

எந்த வழியாக ஏற்றுவார்கள் என்று கேளுங்கள். கை நரம்பில் குளுக்கோஸ் போல ஏற்றினால், பெரும்பாலான செல்கள் நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்ளும். மூளைக்குப் போய், பார்க்கின்சனில் குறைந்துபோகும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்காது.

அதற்காக ஸ்டெம் செல்லே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன: அமெரிக்கா, கனடாவில் 12 பேர், ஜப்பானின் கியோட்டோவில் 7 பேர். டோபமைன் செல்லாக முதிரக்கூடிய இளம் செல்களை ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்து, மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் புட்டமென் பகுதியில் வைத்தார்கள். உடல் அவற்றை அழித்துவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தை ஓராண்டோ அதற்கு மேலோ கொடுத்தார்கள். கட்டி எதுவும் வளரவில்லை. ஸ்கேனில் டோபமைன் வேலை கூடியதற்கான அறிகுறியும் தெரிந்தது. ஆனால் இவை பாதுகாப்பைப் பார்க்க நடந்த சிறு ஆய்வுகள். செல் வைக்காத ஒப்பீட்டுக் குழு கிடையாது. பார்க்கின்சனில் அது மிக முக்கியம். ‘மருந்து ஏறிவிட்டது’ என்ற நம்பிக்கையே மூளையில் டோபமைனைச் சுரக்க வைத்து, கொஞ்ச காலம் நடையைச் சீராக்கிவிடும். ‘ஏற்றியவர் எழுந்து நடந்தார்’ என்று காட்டும் வீடியோக்களை இதனால்தான் நம்ப முடியாது.

ஆய்வில் சேர விருப்பமிருந்தால் முதலில் இந்தியாவின் கிளினிக்கல் ட்ரையல் பதிவேடான சிடிஆர்ஐயின் பதிவு எண்ணைக் கேட்டு, அதன் இணையதளத்தில் சரிபாருங்கள். இந்தியாவில் 2009 முதல் இந்தப் பதிவு கட்டாயம். தமிழில் உள்ள சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு, ஆய்வைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் என்ன என்பது அதில் இருக்க வேண்டும்.

மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள்; உடல் விறைத்துக் கடும் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பார்க்கின்சனுக்கான முக்கிய மாத்திரையான லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். புரதம் அதோடு போட்டி போட்டு, குடலிலிருந்து ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். காசிமேட்டு மீனை நிறுத்த வேண்டியதில்லை, மாத்திரை நேரத்தோடு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும், பால் வேண்டாம்.