நான்கு கிலோ குறைந்தும் கண்ணாடியில் ஏன் ஒன்றும் தெரியவில்லை?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 35, உயரம் 170 செ.மீ. நான்கு மாதத்தில் 92 கிலோவிலிருந்து 88க்கு வந்திருக்கிறார். மெஷினில் எண் குறைகிறது, கண்ணாடியில் அதே ஆள்தான் நிற்கிறார், வீட்டிலும் ஒருவர் வாய் திறக்கவில்லை. வித்தியாசம் எப்போதுதான் தெரியும், ஒருவேளை மெஷின்தான் பொய் சொல்கிறதோ என்று கேட்டிருக்கிறார்.

மெஷின் மேல் பழி போடாதீர்கள் தம்பி. நானும் இதே சந்தேகத்தோடு ஐந்தாறு மாதம் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றவள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். வயது 43, உயரம் 158. போன வருஷம் தைப் பொங்கலுக்கு 84 கிலோ இருந்தேன். இந்த மார்ச்சில் 69.

உங்கள் நான்கு கிலோவுக்கு நேராகவே ஒரு பதில் இருக்கிறது. 2015ல் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழக உளவியல்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருமன் மாற்றிய படங்களாகக் காட்டி, எந்த அளவில் வித்தியாசம் தெரிகிறது என்று கேட்டார்கள். சராசரி உயரமுள்ள பெண்ணுக்குச் சுமார் மூன்றரை கிலோ, ஆணுக்குச் சுமார் நான்கு கிலோ மாறினால்தான் அடுத்தவர் கண்ணுக்கு முகத்தில் பிடிபடுகிறது என்று வந்தது. 'அட, நல்லா இருக்கே' என்று தோன்றுவதற்கு அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு குறைய வேண்டுமாம். பெண்ணுக்கு 6.3, ஆணுக்கு 8.2 கிலோ. ஆக, நீங்கள் இப்போதுதான் வாசற்படியில் கால் வைத்திருக்கிறீர்கள். அதுவும் அந்தச் சோதனையில் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக் கண்ணாடியில் நான்கு மாதத்துக்கு முந்தைய முகம் பக்கத்தில் இருக்கிறதா என்ன?

இன்னொன்று. அந்த நான்கில் எல்லாமே கொழுப்பாக இருக்காது. எனக்கு முதல் மாதம் இரண்டு கிலோவுக்கு மேல் சரசரவென்று இறங்கியது, தலைகால் புரியவில்லை. அப்புறம் மூன்று வாரம் முள் அசையவில்லை. மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவத்தில் ஈரலும் தசையும் சேமித்து வைத்திருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சோற்றைக் குறைத்ததும் முதலில் காலியாவது அந்த இருப்புதான், தண்ணீரும் அதோடு போய்விடும். முதல் மாதத்துக் குறைவு கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கு அது ஒரு காரணம். கொழுப்பு கரைவது வேறு வேகம். ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி. மாதம் ஒரு கிலோ என்றால் நாளுக்கு 250 சொச்சம் கலோரி குறைவாக உடம்புக்குப் போயிருக்க வேண்டும். நான் செய்ததும் அவ்வளவுதான். நான்கு வேளை டீயில் இரண்டிரண்டு கரண்டி சர்க்கரையை நிறுத்தினேன், ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினேன், பஸ்ஸுக்கு ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் ஏறினேன். இதைப் பற்றி வேறு சொல்ல எதுவும் இல்லை.

சரி, எங்கே முதலில் தெரிந்தது? கண்ணாடியில் இல்லை. ஜாக்கெட்டில்.

எங்கள் ஊர் டெய்லர் அக்கா ஜாக்கெட் தைக்கும்போது பக்கத்தில் ஒன்றரை இன்ச்சாவது உள்ளே துணி விடுவார். பிற்பாடு பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்பதற்காக. என்னுடைய கல்யாணப் பட்டு ஜாக்கெட் 2006ல் தைத்தது. பிள்ளை பிறந்த பிறகு ஒரு தடவை பிரித்தோம், 2014 வாக்கில் இன்னொரு தடவை, ஊரடங்கு முடிந்து வெளியே வந்தபோது மிச்சமிருந்ததையும் பிரித்தாயிற்று. பட்டுத் துணியில் ஊசித் தடம் சுலபத்தில் போகாது. பிரித்த இடத்தில் புள்ளி புள்ளியாக வரிசை நிற்கும். உள்ளே மடங்கிக் கிடந்த பகுதி வெளுக்காமல் கூடுதல் நிறமாக இருக்கும். ஆக, அந்த ஜாக்கெட்டின் பக்கவாட்டில் என் பதினைந்து வருஷமும் வரி வரியாக எழுதியிருந்தது. எடைக் குறிப்பேடு என்று தனியாக எதற்கு?

ஜூன் மாதம் ஒரு வளைகாப்புக்கு அதைப் போட்டேன். கை இறுக்கவில்லை. அக்குளில் துணி கொஞ்சம் தொங்கியது. மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா அதை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

"டீச்சர், இதுக்கு நான் அளவே எடுக்க வேணாம். பழைய தடத்துலயே தைச்சுடறேன்."

2014ன் ஊசித் துளைகள் மேலேயே தைத்துக் கொடுத்தார். சரியாக உட்கார்ந்தது. அன்றைக்கு என் எடை 78.5. எட்டு வருஷம் பத்து வருஷம் ஏறிய படியில் ஐந்து மாதத்தில் ஒரு படி இறங்கியிருக்கிறேன் என்று அங்கே, அந்தத் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது.

உங்களுக்கு ஜாக்கெட் இல்லை. பெல்ட் ஓட்டை இருக்கிறது, சட்டைக் காலர் பட்டன் இருக்கிறது, வாட்ச் பட்டை இருக்கிறது. தேய்ந்துபோன ஓட்டைக்குப் பக்கத்தில் புது ஓட்டைக்கு எப்போது மாறினீர்கள் என்று பாருங்கள். வேட்டியும் லுங்கியும் மட்டும் சாட்சிக்கு ஆகாது. யார் இடுப்பானாலும் ஒத்துப்போகிற ஜாதி அது. எங்கள் நைட்டியும் அப்படித்தான். அதைப் போட்டுக்கொண்டு பத்து வருஷத்தில் இருபது கிலோ ஏறினாலும் தெரியாது, எனக்குத் தெரியவில்லை.

ஒரு டேப் வாங்கித் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே, இடுப்பு எலும்புக்கும் கடைசி விலா எலும்புக்கும் நடுவில், மாதத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதுங்கள். நம் ஊர் உடல்வாகுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. ஆண்களுக்குப் பெண்களை விட அதிகமாக வயிற்றுக்குள்ளே, குடலைச் சுற்றிக் கொழுப்பு சேரும். அங்கே குறைவதைத் தோலைப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டேப்பில் இரண்டு செ.மீ. குறைந்திருக்கும், கண்ணாடியில் அதே தொப்பை நிற்கும்.

எந்த இடம் முதலில் இளைக்கும் என்பது நம் கையில் இல்லை. வயிற்றுக்கென்று பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை பலப்படும், அதன் மேலுள்ள கொழுப்பு மட்டும் தேர்ந்தெடுத்துப் போகாது. எனக்கு மோதிரம் முதலில் கழன்றது, அப்புறம் கழுத்தெலும்பு எட்டிப் பார்த்தது, அப்புறம் முதுகு மடிப்பு. இடுப்பு கடைசி வரைக்கும் சண்டை போட்டது. மேல்கைத் தோல் கொஞ்சம் தொளதொளவென்று ஆகிவிட்டது, அது அப்படியேதான் இருக்கிறது.

யாரும் சொல்லாத ஒரு மாற்றம் பின்கழுத்தில். அங்கே தோல் கருத்து, வெல்வெட் போலத் தடித்திருந்தது. அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டதெல்லாம் உண்டு. தோல் டாக்டர்தான் சொன்னார், உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியாதபோது இப்படி வரும், தேய்த்துப் போகாது, எடை குறைந்தால் போகும் என்று. ஒன்பது, பத்து மாதத்தில் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. கொண்டை போட்டுக்கொண்டு வெளியே போக எனக்கு இருபது வருஷமாகக் கூச்சம். இப்போது போட்டுக்கொள்கிறேன்.

மாடிப்படியும் சொல்லும். என் வகுப்பு இரண்டாவது மாடியில். அமெரிக்காவில் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை வைத்து 2005ல் வந்த ஓர் ஆய்வு, ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்றது. நான்கு கிலோ குறைத்த நீங்கள் பதினாறு கிலோவை முழங்காலிலிருந்து இறக்கி வைத்திருக்கிறீர்கள். ஒரு பெரிய அரிசிப் பையின் பாதிக்கு மேல்.

இனி அடுத்தவர் கண். வீட்டிலிருப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிராம் குறைவதை யார் கண்டது? பன்னிரண்டு கிலோ குறையும் வரை என் வீட்டுக்காரர் கவனித்தது ஒன்றே ஒன்று, சர்க்கரை டப்பா காலியாக நாளாகிறது என்று. என்னோடு அதே பஸ்ஸில் வரும் கணக்கு டீச்சருக்கும் தெரியவில்லை. ஆனால் கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள், ஆறாம் வகுப்புக்குள் கால் வைத்ததும் முன்வரிசைப் பொடியன் ஒருவன், "மிஸ், நீங்க பாதியாயிட்டீங்க" என்றான். பாதியெல்லாம் இல்லை, ஐந்தரை கிலோதான். ஏப்ரலில் பார்த்த முகமும் ஜூனில் பார்த்த முகமும் அவனுக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, அவ்வளவுதான். உங்களை ஆறு மாதமாகப் பார்க்காத சிநேகிதர் யாராவது இருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆனால் பாராட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நம் ஊரில் இளைத்தவரைப் பார்த்து முதலில் வரும் வார்த்தை பாராட்டு இல்லை. ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். நான் போட்டிருந்ததும் அதே பட்டு ஜாக்கெட், இன்னும் ஒரு தடம் உள்ளே போயிருந்தது. மனதுக்குள் கொஞ்சம் மிதப்பாகத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தேன். அத்தை என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போய்க் கேட்டாள்.

"ஏண்டி, உண்மையைச் சொல்லு. சுகர் வந்துடுச்சா?"

இல்லை அத்தை, நானாகத்தான் குறைத்தேன் என்றேன். நம்பவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்திலேயே உட்கார்ந்து, இலையில் நான் எதை விடுகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். என் அம்மாவோ, "முகமே வாடிப்போச்சு, பழைய களை இல்ல" என்று இன்றுவரை சொல்கிறாள். அவர்கள் காலத்தில் சதை பிடித்தால் சுகம், இளைத்தால் காசநோய். 84 கிலோவில் இருந்தபோது 'பூசினாற்போல லட்சணமா இருக்கா' என்று சொன்னவர்களும் இவர்கள்தான். எரிச்சலாக வரும். ஆனால் அத்தை கேட்டதில் ஒரு நியாயமும் உண்டு: முயற்சி எதுவும் செய்யாமல் ஒருவருக்கு எடை தானாகக் குறைந்தால் சர்க்கரை, தைராய்டு, காசநோய் எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு காரணமில்லாமல் குறைந்தால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். நீங்கள் தெரிந்தே குறைக்கிறீர்கள், அது வேறு.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் அந்தப் பொடியன் சொன்னது தலைக்கேறி, ஜூலை முழுக்க ராத்திரிச் சாப்பாட்டையே விட்டேன். ஒரே மாதத்தில் மூன்றரை கிலோ. ஆகஸ்டில் ஜம்மென்று இருந்தது. செப்டம்பர் கடைசியில் சீப்பு நிறைய முடி வர ஆரம்பித்தது. திடீரென்று எடை இறங்கினால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம்தான். நான் படிக்காத பக்கம். திரும்பச் சாப்பிட ஆரம்பித்து, பருப்பும் முட்டையும் கூட்டி, பொங்கலுக்குள் அடங்கியது. எல்லார் கண்ணுக்கும் சட்டென்று தெரிந்த மாற்றம் என்றால் அந்த வகிடுதான்.

போட்டோ எடுங்கள். கண்ணாடியை விட அது நாணயமானது. ஆனால் கண்டபடி எடுத்தால் பிரயோஜனம் இல்லை, செல்போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தாலே இரண்டு கிலோ குறைந்துவிடும். நான் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, குளித்ததும், கூடத்துச் சுவரில் தினசரி காலண்டர் பக்கத்தில் அதே நீலச் சுடிதாரில் நிற்பேன். மகள் அதே நாற்காலியிலிருந்து எடுப்பாள். தேதி படத்திலேயே விழுந்துவிடும். அடுத்தடுத்த மாதத்தை ஒப்பிடாதீர்கள், ஒன்றும் தெரியாது, சோர்ந்துபோவீர்கள். நான்கு மாதத்துக்கு ஒன்றாக எடுத்து வைத்துப் பாருங்கள்.

மெஷினில் தினமும் ஏற வேண்டாம். ஊறுகாய், அப்பளம் கொஞ்சம் தூக்கலாகப் போனாலே மறுநாள் உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு கிலோ கூட்டிக் காட்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நெருங்கும்போதும் அப்படித்தான். முன்பு ரயில்வே ஸ்டேஷனில் காசு போட்டால் விளக்கு மின்னி ஒரு அட்டை விழுமே, முன்பக்கம் எடை, பின்பக்கம் ராசிபலன், அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

எனக்கு இன்னும் கண் பழகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு நடுவே போகும்போது இப்போதும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறேன். தேவையில்லை, இடம் இருக்கிறது. உடம்புக்குத் தெரியவில்லை.

போன வாரம் புது ஜாக்கெட் ஒன்று தைக்கக் கொடுத்தேன். அக்கா புதிதாக அளவெடுத்து நோட்டில் குறித்துக்கொண்டார், பழைய பக்கத்தைக் குறுக்குக் கோடு போட்டு அடித்தார். அப்புறம் நிமிர்ந்து, "உள்ள வழக்கம்போல ஒன்றரை இன்ச் விடட்டுமா டீச்சர், இல்ல குறைச்சுக்கலாமா?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"விடுங்கக்கா. எதுக்கும் இருக்கட்டும்."